நூற்றில் ஒரு பங்கு நொடி

முதல் நாடாவைக் கல்யாணம் எடுப்பதுபோலவே எடுத்தேன்.
முகத்துக்கு ஜூம்; பின்னணி கரைந்து பாலாய் நிற்கும்;
மாலை விளக்கு, கொஞ்சம் மென்மை.
திபிலீசியில் கல்யாண வீட்டார்
என்னைத் தேடி வருவதே அதற்குத்தான்.

தெசலோனிகியிலிருந்து மூன்று வாரத்தில் பதில்,
லாம்ஸிராவின் சாய்ந்த கையெழுத்தில்:
'அக்கா அழகாக இருக்கிறாள்.
என்ன சொன்னாள்?'

நாஸிப்ரோலாவுக்குக் காது கேட்காது, தங்கைக்கும்.
அவர்கள் பேச்சு நெற்றிக்கும் இடுப்புக்கும் நடுவே
இரண்டு முழங்கை விரியும் அகலத்தில் நடக்கிறது.
நான் வீட்டை விட்டுவிட்டு
வாசற்கதவை மட்டும் அனுப்பியிருக்கிறேன்.

கடிதத்தை என் மேசைமேல் வைத்தாள்.
கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசின:
காசைத் திருப்பிக் கொடு.
அந்த ஒரு வார்த்தை எனக்கும் புரிந்தது.

மறுநாள் க்ல்தானி, எட்டாம் மாடி.
காசு போட்டால் ஏறும் லிஃப்ட்
காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்றது.
ஸ்டாண்டைத் தோளில் போட்டுப் படியேறினேன்.

பூப்போட்ட சட்டை வேண்டாம், கைகள் பூவுக்குள் தொலைகின்றன.
கரும்பச்சை ஸ்வெட்டர். பின்னால் வெறும் சுவர்;
காலண்டரைக் கழற்றினேன், பிறகு அந்த ஆணியையும்.
தானாக ஃபோகஸ் பிடிக்கிற பொத்தானை அணைத்தேன்:
கை முன்னே வந்தால் கை, விலகினால் முகம் என்று
எந்தக் கட்சி என்றே தெரியாமல் அலைந்தது அது.
வெள்ளைத் தாளை அவள் தாடைக்கடியில் பிடிக்க வைத்து
இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சத்தியம் செய்தேன்.
தொண்ணூறு நிமிடம் என்று ஆசைகாட்டும் பதிவு வேண்டாம்,
நாடா அறுபதுக்கே ஓடட்டும்;
ஒரு கட்டம் உதிர்ந்தாலும் ஒரு விரல் போச்சு.

ஷட்டரில்தான் இருக்கிறது விஷயம்.
நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்றால்
அவள் விரல்கள் ஈரத் துணி பட்ட சாக்பீஸ் எழுத்து.
நூற்றில் ஒரு பங்கு: எழுத்து நிற்கிறது.
இருநூற்றைம்பதில்: நகம்கூடப் பேசுகிறது,
ஆனால் அதற்கு வெளிச்சம் யார் தருவது?
அந்தப் பிப்ரவரியில் மின்சாரம் ஒரு விருந்தாளி.
கெய்னை ஏற்றினால் படம் முழுக்க ரவை,
தொண்டை கட்டியவள் பேசுவதுபோல் இருக்கும்.
ஆகையால் ஜன்னல். பதினொன்றிலிருந்து ஒன்றரை வரை.
நூறில் நிறுத்தினேன்.

நாலு வாரம், நாலு நாடா.
தெசலோனிகியிலிருந்து புகார் இல்லை.

ஐந்தாவதில் ஒரு தப்பு செய்தேன்.
இரண்டு விரலால் மணிக்கட்டைத் தட்டி,
யாருடைய நடையையோ தோளில் மட்டும் நடந்து காட்டி,
அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள்.
வ்யூஃபைண்டருக்குப் பின்னால் நான் சிரித்துவிட்டேன்.

கைகள் நின்றன.
எனக்குப் புரிய ஆரம்பித்துவிட்டது என்பது
எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்தது.

எழுந்து வந்தாள். ஸ்டாண்டை அசைத்துப் பார்த்தாள்.
ஆடவில்லை.
கதவைக் காட்டினாள்.

ஃபோகஸைப் பூட்டினேன். ஷட்டரை, வெளிச்சத்தை, வெள்ளையை.
நாற்காலிக் கால்களுக்குத் தரையில் நான்கு குறி.
சிவப்பு விளக்கு எரிவதைக் காட்டிவிட்டு
வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு பத்துக்கு ஒரு மேகம் வந்தது.
கை பரபரத்தது. அரை ஸ்டாப் திறந்தால் போதும், அவ்வளவுதான்.
தட்டினாலும் அவளுக்குக் கேட்காது.
கீழே யாரோ பூண்டு வதக்கினார்கள்.
மேகம் நகர ஒன்பது நிமிடம் ஆயிற்று.

அந்த நாடாவை நான் ஓட்டிப் பார்க்கவில்லை.
வழக்கமாகப் பார்ப்பேன், முதல் நிமிடமாவது.
அழியாமலிருக்க அதன் தாழைத் தள்ளி,
உறையில் போட்டு, விலாசம் எழுதினேன்.

ஏப்ரலில் ஓர் அஞ்சலட்டை, என் பெயருக்கு.
'நடுவில் கொஞ்சம் இருட்டு. பரவாயில்லை,
தெரிந்தது.'

கல்யாணங்கள் தொடங்கிவிட்டன.
லென்ஸின் இடது ஓரத்தில் ஒரு கைரேகை,
என்னுடையதைவிடச் சிறியது.
துடைக்காமல் கிளம்பக் கூடாது.